தட்டுப்பாடு வந்தா குடோன் கட்டுங்கன்னு சொல்லாதீங்க சார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க பேப்பர்ல கேம்ஸ் பக்கத்துல, நகரம் கட்டுற கேம் புதுசா ஆடுறவங்களுக்குன்னு கொஞ்சம் டிப்ஸ் போட்டிருந்தீங்க. ரோடை யோசிச்சுப் போடுங்க, ஆரம்பத்துலயே கடன்ல இறங்காதீங்க, அதெல்லாம் சரிதான். ஒரு வரி மட்டும் கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கு. சரக்குத் தட்டுப்பாடு வந்தா உடனே இன்னொரு குடோன் கட்டணுமாம், குடோன் எப்பவும் நிறைஞ்சே இருக்கணுமாம். இந்த யோசனையை நம்பி நான் கவுத்த ஊருங்களுக்குக் கணக்கே கிடையாது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்திருக்கேன், இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க.

அதே நாள் சாயந்தரம் என் அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான். பத்தாவது படிக்கிறான், 1998ல வந்த சீசர் 3ங்குற ரோமானிய ஊர் கட்டுற கேமை நான் ஒரு நாள் சும்மா போட்டுக் காட்டினேன், அன்னிலேர்ந்து அதுலயே கிடக்கான். “மாமா, இந்தக் குடோன் எதுக்கு? செய்யிற எடத்துலேர்ந்து நேரா மார்க்கெட்டுக்கே கொண்டு போயிடலாம்ல?” பதில் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன், ஒண்ணும் வரல. இருபது வருஷத்துக்கு மேல இந்த மாதிரி கேம் ஆடுறேன், ஆயிரம் குடோன் கட்டியிருப்பேன், எதுக்குன்னு கேட்டா சரக்கு வைக்கத்தான்னு அசட்டுத்தனமா சொல்றதைத் தவிர வேற தெரியல. சரி, குடோனே இல்லாம ஒரு ஊர் கட்டிப் பாருடான்னு விட்டுட்டேன்.

கட்டினான். களிமண் குழி, பக்கத்துலயே பானை செய்யிற பட்டறை. மொதல்ல நல்லாத்தான் போச்சு, ஏன்னா அந்த கேம்ல குழியிலேர்ந்து வர்ற வண்டிக்காரர், களிமண் வேணும்னு காத்துக்கிட்டிருக்குற பட்டறை இருந்தா நேரா அங்கயே கொண்டு போய்க் கொட்டிடுவாரு, நடுவுல குடோனே தேவையில்ல. பானையும் ரெடியாச்சு. பட்டறை வண்டிக்காரர் பானையை ஏத்திக்கிட்டு வெளிய வந்தாரு, வாசல்லயே நின்னுட்டாரு. “எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறாரு மாமா”ன்னான். அவர் திரும்பி வர்ற வரைக்கும் பட்டறையும் அடுத்த பானை செய்யாது. மார்க்கெட்லேர்ந்து சரக்கு வாங்கப் போற அம்மா இருக்காங்களே, அவங்க போறது களஞ்சியத்துக்கும் குடோனுக்கும் மட்டும்தான், பட்டறை வாசல்ல பானை குவிஞ்சு கிடந்தாலும் அவங்க கண்ணுக்கு அது சரக்கே கிடையாது.

இத வெறும் கேம் ரூல்னு தள்ளிடலாம், ஆனா உள்ள நல்ல காரணம் இருக்கு. 6 பட்டறை, 5 மார்க்கெட்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு பட்டறையும் ஒவ்வொரு மார்க்கெட்டுக்கும் நேரா அனுப்பணும்னா 30 வழி. எந்த மார்க்கெட்டுக்கு இன்னிக்கு எவ்ளோ வேணும்ங்குறது ஆறு பட்டறைக்கும் தெரிஞ்சிருக்கணும். நடுவுல ஒரு குடோன் போட்டா 11 வழி, அவ்ளோதான். செய்யிறவன் கொண்டு வந்து போட்டுட்டுப் போறான், வாங்குறவன் வந்து எடுத்துட்டுப் போறான், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே வேண்டாம். அதாவது குடோன்ங்குறது மொதல்ல ஒரு ஜங்ஷன். இது எனக்கு அந்தப் பையன் ஊரைப் பாத்தப்புறம்தான் உறைச்சுது, அவன்கிட்ட சொல்லல, மாமாவுக்குத் தெரியும்னே நெனச்சுக்கிட்டிருக்கட்டும்.

அடுத்தது நேரம். வீட்டு மாடியில தண்ணித் தொட்டி எதுக்கு இருக்கு? மோட்டார் ஒரு மணி நேரம் ஓடுது, குழாயை நாள் பூரா திறந்து திறந்து மூடுறோம், ரெண்டும் ஒரே தாளத்துல நடக்காததால நடுவுல ஒரு தொட்டி. தொட்டி தண்ணிய உண்டாக்குறது இல்ல. 2014ல ஒரே ஒருத்தர் உக்காந்து உருவாக்குன பேனிஷ்டுங்குற ஊர் கட்டுற கேமை ஆடினவங்களுக்கு இது நல்லாத் தெரியும். வயல் விளையுறது இலையுதிர் காலத்துல ஒரு தடவை, ஊரு சாப்புடுறது வருஷம் முழுக்க. அறுவடை முடிஞ்ச அன்னிக்கு அம்பாரம் நிறைஞ்சு வழியும், அதப் பாத்து ஆஹா உணவு மிச்சம் போலன்னு ஆளுங்களைக் கொண்டு போய் வேற வேலையில விட்டா, அடுத்த அறுவடைக்கு முன்னாடியே சனம் பட்டினியில விழ ஆரம்பிக்கும். நான் விட்டிருக்கேன். அந்த அம்பாரம் நிறைஞ்சிருந்தது பணக்காரத்தனம் கிடையாது, பன்னெண்டு மாசச் சாப்பாடு ஒரே நாள்ல வந்து உக்காந்திருந்துச்சு, அவ்வளவுதான்.

டிம்பர்பார்ன் (நீர்நாய் மாதிரி இருக்குற பீவருங்க அணை கட்டி வாழுற கேம், 2021லேர்ந்து இருக்கு) இன்னும் வெளிப்படையா சொல்லும். நல்ல காலம், வறட்சி, மறுபடி நல்ல காலம், மறுபடி வறட்சி, அதுவும் போகப்போக வறட்சி நீண்டுக்கிட்டே போகும். அங்க தண்ணித் தொட்டி எத்தனை வேணும்ங்குறதுக்கு அனுபவம்லாம் வேண்டாம், பெருக்கல் கணக்கு போதும். 40 பேரு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 2, வறட்சி 9 நாள்னு வச்சுக்குவோம், 720. கூட கொஞ்சம் போட்டு 800 வச்சுக்கலாம். 3000த்துக்குத் தொட்டி கட்டினா அதுக்குப் போன மரமும் ஆள் வேலையும் தண்டம், 500க்குக் கட்டினா கடைசி மூணு நாள் சாவு. குடோன் எவ்ளோ பெருசுங்குற கேள்விக்கு இப்படி ஒரு பதில் எல்லா கேம்லயும் இருக்கு, நாமதான் போட்டுப் பாக்குறதில்ல. உங்க டிப்ஸ்ல இந்தக் கணக்கு ஒரு வரி இருந்திருந்தா நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன்.

மூணாவது தூரம். என்னைக் கேட்டா இதுதான் பாதிப் பேரு கோட்டை விடுற எடம். அகெய்ன்ஸ்ட் த ஸ்டார்ம்னு ஒரு கேம், 2023 டிசம்பர்ல முழுசா வெளிவந்துச்சு, அதுல குடோனுக்குக் கொள்ளளவே கிடையாது, எவ்ளோ வேணா போடலாம், ஊர்ல இருக்குற எல்லா குடோனுக்கும் ஒரே ஸ்டாக். அப்புறம் ரெண்டாவது குடோன் எதுக்குக் கட்டணும்? நடைக்குத்தான். வேலை செய்யிறவன் மூலப்பொருள் எடுக்கவும் செஞ்சதைக் கொண்டு போய்ப் போடவும் பக்கத்து குடோனுக்கு நடக்குறான், அது ஊரோட அந்தக் கோடில இருந்துச்சுன்னா அவனோட நாள்ல பெரும்பகுதி ரோட்லயே போயிடும், நீங்க பட்டறையில மூணு ஆள் போட்டிருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருப்பீங்க, உண்மையில உள்ள வேலை பாக்குறது ஒரு ஆளு, மத்த ரெண்டு பேரும் நடந்துக்கிட்டிருக்காங்க. வைக்கிற இடம் அளவே இல்லாத கேம்லயும் குடோன் தேவைப்படுதுன்னா, குடோன்னா சரக்கு வைக்கிற எடம்னு நான் பையன்கிட்ட சொல்ல இருந்த பதில் எவ்ளோ அரைகுறைன்னு பாருங்க.

2019ல வந்த ஆனோ 1800ங்குற கேம் ஒரு படி மேல. அங்க தீவோட ஒரு மூலையில இருக்குற குடோன்ல வண்டி சரக்கை இறக்கின அடுத்த நொடி அது இன்னொரு மூலை குடோன்ல எடுக்கக் கிடைக்கும், நடுவுல யாரும் தூக்கிட்டுப் போறதில்ல, மாயம்தான். வீட்டுக்காரங்களும் தீவோட பொது ஸ்டாக்லேர்ந்தே எடுத்துக்குறாங்க. அதனால அங்க ஆட்டமே வேற, பட்டறைக்கும் பக்கத்து குடோனுக்கும் இடையில இருக்குற அந்தத் துண்டு ரோடு மட்டும்தான் உங்க பிரச்சனை. குடோனைப் பெருசாக்கினா இறக்குற வாசல் கூடும், வண்டிங்க க்யூவுல நிக்கிறது குறையும். ஒவ்வொரு சரக்குக்கும் உச்சவரம்பு தனித்தனி, ஒண்ணு நிறைஞ்சா அது மட்டும் நிக்கும், அடுத்தது பாட்டுக்கு ஓடும். எனக்கு இந்த மாய டெலிவரி அவ்வளவாப் பிடிக்காது, வண்டி ஓடுறதைப் பாக்கத்தானே இந்த கேமே ஆடுறோம், ஆனா எதுக்கு அப்படி வச்சாங்கன்னு புரியுது. சீசர் 3ல நான் பட்ட பாட்டை யாரோ ஒருத்தர் அங்க உக்காந்து பட்டிருக்கணும்.

அந்தப் பாட்டையும் சொல்லிடுறேன். சீசர் 3 குடோன்ல 8 கட்டம், ஒரு கட்டத்துல 4 லோடு, ஆக 32 லோடு பிடிக்கும்னு எல்லாரும் கணக்குப் போடுவோம். ஆனா ஒரு கட்டத்துல ஒரே வகைச் சரக்குதான் வைக்கலாம். ஒரே ஒரு லோடு மார்பிள் வந்து உக்காந்தாலும் அந்தக் கட்டம் மார்பிளுக்கு எழுதி வச்சாச்சு. எட்டு வகைச் சரக்கு ஒவ்வொரு லோடு வந்தா 8 லோடுலயே குடோன் ஒன்பதாவது வகைக்குக் கதவை மூடிடும். எனக்கு நடந்தது இதுக்கு எதிர்ப்பக்கம். களிமண் குழி நாலு போட்டேன், பட்டறை ஒண்ணுதான். பட்டறைக்குப் போக மிச்சக் களிமண் குடோனுக்குப் போச்சு, எட்டுக் கட்டமும் களிமண். இப்பப் பட்டறையிலேர்ந்து பானை வருது, வைக்க இடமில்ல, வண்டிக்காரர் வாசல்ல. பட்டறை நின்னுது. பட்டறை நின்னதால களிமண்ணைக் குடோன்லேர்ந்து எடுக்க ஆளில்ல. எடுக்க ஆளில்லாததால இடம் காலியாகல. ஒரு வட்டம் போட்டு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, ஊர்ல பானைத் தட்டுப்பாடுன்னு மார்க்கெட் கத்துது. நான் என்ன பண்ணேன்? உங்க டிப்ஸ் மாதிரியே இன்னொரு குடோன் கட்டினேன். பானைக்கு இடம் கிடைச்சு ஒரு மூச்சு விட்டுச்சு, அதுக்குள்ள நாலு குழியும் சேந்து அதையும் களிமண்ணா நிரப்பிட்டுது. மூணாவது கட்டினேன், சொல்லவே வெக்கமா இருக்கு. மொதல்லயே பண்ணியிருக்க வேண்டியது ரெண்டே விஷயம், ரெண்டு குழியை மூடுறது, குடோன் ஆர்டர்ல களிமண் வேண்டாம்னு ஒரு க்ளிக் பண்றது. வாங்கு, வாங்காத, போய்க் கொண்டு வா, காலி பண்ணு, இந்த ஆர்டர் எல்லாம் ஒவ்வொரு குடோன்லயும் மொதல் நாள்லேர்ந்து இருக்கு, நாம அந்த விண்டோவைத் திறக்குறதே இல்ல. 1999ல வந்த ஃபேரோங்குற கேம்ல கால் பங்கு வரைக்கும் பாதி வரைக்கும்னு அளவே வைக்கலாம். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் கேம்ல 2018ல இண்டஸ்ட்ரீஸ்ங்குற கூடுதல் பகுதி வந்தப்போ குடோனுக்கு நிரப்பு, காலி பண்ணு, நடுவாந்தரம்னு மூணு நிலை குடுத்தாங்க. எல்லாத்துக்கும் ஒரே நோக்கம்தான், குடோன் எதுக்கு ஆமா சொல்லணும் எதுக்கு மாட்டேன் சொல்லணும்னு நீங்க முடிவு பண்ணுங்கன்னு.

இப்ப நிறைஞ்சே இருக்கணும்ங்குற இன்னொரு பாதிக்கு வர்றேன், எனக்கு அதுலதான் நெறைய கோவம். நிறைஞ்ச குடோன் பொய் சொல்லும். ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961ல நிரூபிச்ச ஒரு சின்ன விதி இருக்கு, உள்ள இருக்குற சராசரி அளவு = வந்து போற வேகம் × உள்ள தங்குற நேரம். கஷ்டமான கணக்கு இல்ல. 32 பானை இருக்கு, மாசம் 4 போகுதுன்னா ஒரு பானை உள்ள 8 மாசம் தங்குது. அதாவது இன்னிக்கு உங்க பானைத் தொழில் செத்துப் போச்சுன்னா மார்க்கெட்டுக்கு அது தெரிய 8 மாசம் ஆகும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, வேலைக்கு ஆள் பத்தாம குழியெல்லாம் ஒண்ணொண்ணா நின்னு போச்சு, நான் குடோனைப் பாத்தேன், நிறைஞ்சிருந்துச்சு, சந்தோஷமா கோயில் கட்டப் போயிட்டேன். திரும்பி வந்தப்போ பானை தீந்து, வீடுங்க தரம் இறங்கி, சனம் ஊரை விட்டுக் கிளம்பி, அதனால வேலைக்கு ஆள் இன்னும் குறைஞ்சு, அதனால மத்த பட்டறையும் நின்னு, எங்க ஆரம்பிச்சுதுன்னே கண்டுபிடிக்க முடியல. சின்ன குடோனா இருந்திருந்தா ரெண்டாவது மாசமே கத்தியிருக்கும்.

பதறிப் போய் அப்புறம் பண்றது இன்னும் மோசம். தட்டுப்பாடு தெரிஞ்சவுடனே குழி அஞ்சு, பட்டறை நாலுன்னு கட்டித் தள்ளுவோம், அது எல்லாம் ஓட ஆரம்பிச்சு சரக்கு வந்து சேர நாளாகும், அதுக்குள்ள இன்னும் பத்தலன்னு இன்னும் ரெண்டு, கடைசில எல்லாம் ஒரே நேரத்துல வந்து குமியும். இத வச்சு அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஜே ஃபாரஸ்டர்ங்குற பேராசிரியரோட குழு பீர் கேம்னு ஒண்ணு உருவாக்குச்சு, 1960கள்லேர்ந்து ஆடிக்கிட்டிருக்காங்க, கம்ப்யூட்டர் கூட வேண்டாம். கடைக்காரர், மொத்த வியாபாரி, டிஸ்ட்ரிபியூட்டர், ஃபேக்டரின்னு நாலு பேரு வரிசையா உக்காருவாங்க, வாடிக்கையாளர் கேக்குறது ஒரே ஒரு தடவை வாரம் 4 பெட்டிலேர்ந்து 8 பெட்டியா ஏறும், அப்புறம் மாறவே மாறாது. அந்த ஒரு மாத்தத்துக்கு ஃபேக்டரி வரைக்கும் போறப்போ ஆர்டர் எங்கயோ எகிறி, அப்புறம் பூஜ்யத்துக்கு விழும். படிச்சவங்க, மேனேஜருங்கன்னு யார் ஆடினாலும் இதே கதிதான், நான் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல தனியா உக்காந்து ஊரைக் கவுத்தது அதிசயமே இல்ல.

அப்ப ஸ்டாக்கே வேண்டாமான்னு நீங்க கேக்கலாம். அப்படிச் சொல்லல. சீசர் 3ல ரோமப் பேரரசர் சீசர் திடீர்னு ஓலை அனுப்பி இத்தனை மாசத்துக்குள்ள இத்தனை லோடு அனுப்புன்னு கேப்பாரு, அதுக்குத் தனியா சேத்து வைக்கத்தான் வேணும், கேம்லயே அந்தச் சரக்கை யாரும் தொடாதபடி ஒதுக்கி வைக்கிற பட்டன் இருக்கு. கப்பல் வந்தா ஒரே தடவையில மொத்தமா ஏத்திட்டுப் போகும், சில்லறையா வச்சிருந்தா பாதி காலியா போகும். ஸ்டாக்கே இல்லாம ஓட்டுறதுல பேர் போனது டொயோட்டா கம்பெனி, 1997 பிப்ரவரில அவங்களுக்கு பிரேக் சம்பந்தமான ஒரு சின்ன வால்வு செஞ்சு குடுத்துக்கிட்டிருந்த ஐசின் ஃபேக்டரில தீப்பிடிச்சுது, கையில ஸ்டாக் சில மணி நேரத்துக்குத்தான் இருந்துச்சு, கார் செய்யிற லைனெல்லாம் சில நாள் நின்னு போச்சு. அதனால எவ்ளோ நாளைக்கு, எதுக்காகன்னு கேட்டு வச்சா அது ஸ்டாக். காரணம் தெரியாம குமிச்சு வச்சா அது வெறும் களிமண்.

தட்டுப்பாடு வந்தா நான் இப்ப குடோனைப் பாக்குறதுக்கு முன்னாடி வண்டி எங்க நிக்குதுன்னு பாக்குறேன். சரக்கு ஏத்தின வண்டி பட்டறை வாசல்லயே நின்னா வைக்க இடமில்ல, அப்ப மட்டும்தான் குடோன் யோசனை, அதுவும் ஆர்டரைச் சரி பண்ணிப் பாத்ததுக்கு அப்புறம். பட்டறை உள்ள வெறுங்கையோட உக்காந்திருந்தா பிரச்சனை மேல, குழியில, வயல்ல, காட்டுல. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும், அங்க பத்து குடோன் கட்டினாலும் ஒரு பானை கூட வராது. உண்மையில குறையத்தான் செய்யும், ஏன்னா புது குடோனுக்கும் ஆள் வேணும், அந்த ஆளு வயல்லேர்ந்துதான் வருவாரு, கூடவே இருக்குற கொஞ்ச சரக்கும் ரெண்டு எடத்துல பாதி பாதியா பிரிஞ்சு கிடக்கும். குடோன் நிறைஞ்சிருக்கு மார்க்கெட் காலின்னா நடுவுல தூரம், இல்ல தூக்குறதுக்கு ஆளில்ல. 2024ல வந்த மேனர் லார்ட்ஸ் கேம்ல புதுசா ஆடுற நெறைய பேரு மாட்டிக்கிறது இதுலதான், களஞ்சியமும் குடோனும் அழகா கட்டிட்டு உள்ள ஒரு குடும்பத்தை வேலைக்குப் போட மறந்துடுவாங்க, கட்டடம் சும்மா நிக்கும்.

சார், நீங்க அடுத்து டிப்ஸ் போடும்போது அந்த ஒரு வரியை மட்டும் மாத்திப் போட்டா போதும். மொதல்ல வண்டி எங்க நிக்குதுன்னு பாருங்கன்னு போடுங்க, இடமிருந்தா அந்த ஆர்டர் விண்டோவையும் ஒரு தடவை திறந்து பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கேம்ஸ் பக்கத்தை மொதல்ல படிக்கிற ஒரு வாசகன்

பின்குறிப்பு: அக்கா பையன் கடைசில ஒரே ஒரு குடோன் கட்டினான், பட்டறைக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவுல, பானையைத் தவிர எல்லாத்துக்கும் வாங்காதன்னு போட்டு. வாசல்ல நின்ன வண்டிக்காரர் கிளம்பிட்டாரு. இப்ப மார்பிள் வண்டி ஒண்ணு நிக்குதாம், கூப்பிடுறான், போய்ப் பாக்கணும்.